குடியிருக்கும் வீடும் பூட்டிக் கிடக்கும் மனையும்



சில மாதங்களுக்கு முன், ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, ஓர் இளைஞர் வந்து ஸலாம் கூறி அருகில் நின்றார். கட்டிடங்களில் மின்சார வயரிங் வேலை செய்பவர். ஆரோவில் பக்கமும் இரும்பைப் பக்கமும் புதிது புதிதாக எழும்பும் கட்டிடங்களில்தான் அவருக்குப் பிழைப்பு. நாள் ஒன்றுக்கு 800 ரூபாய் கூலி. மாதத்தில் இருபத்திரண்டு நாள் வேலை கிடைத்தால் அது நல்ல மாதம். அவருக்கு நிகாஹ் நிச்சயமாகியிருந்தது. இருக்கும் வீட்டில் அறைகள் இரண்டே. ஒன்றில் மணமான அண்ணன் குடும்பம். மற்றொன்றில் தாய், தந்தை, மணமாகாத தங்கை. மணப்பெண்ணை எங்கே அழைத்து வருவது என்பதே அவருடைய கவலை.

"ஹஜ்ரத், இரும்பையில ஒரு வீடு ஒத்திக்கு வருது. நாலு லட்சம் கொடுத்தா மூணு வருஷம் வாடகையில்லாம இருந்துக்கலாம். காலி பண்ணும்போது நாலு லட்சத்தையும் அப்படியே திருப்பித் தந்துடுவாங்க. அம்மாவோட நகையும் மாமா தர்ற கடனும் சேர்த்தா பணம் ஆயிடும். மார்க்கத்துல இது கூடுமா?" என்று கேட்டார்.

"கூடாது தம்பி, அது வட்டியைச் சேர்ந்தது" என்று நாம் உடனே கூறிவிட்டோம். நாம் கூறிய மஸ்அலா சரியானதே. அதற்குரிய காரணத்தைப் பின்னர் எழுதுவோம். ஆனால் அவர் நகரவில்லை. சிறிது நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு, "அப்படின்னா எது கூடும் ஹஜ்ரத்?" என்றார்.

வாடகைக்கு இருக்கும்படி சொன்னோம். அவர் கணக்கைச் சொன்னார். மாத வாடகை 6,000, முன்பணம் 50,000. நல்ல மாதத்தில் வரும் 17,600 ரூபாயில் வாடகை போக மிஞ்சும் 11,600-ல் இருவர் உண்டு உடுத்தி, பெற்றோருக்கும் கொடுத்து, மழைக்காலத்தில் வேலையில்லாத நாட்களையும் தாண்ட வேண்டும். மாமாவிடம் கடன் வாங்கி முன்பணம் கட்டினால் அந்தக் கடனை எதிலிருந்து அடைப்பது? நம்மிடம் பதில் இல்லை. ஸலாம் கூறிவிட்டு அவர் சென்றுவிட்டார். அவருடைய கேள்வி நம்மிடமே தங்கிவிட்டது.

"கூடாது" என்று சொல்வது ஆலிமுடைய கடமையில் பாதிதான். ஏழை வாங்கும் ஒத்தியை ஹராம் என்று அறிவிக்கும் நாவு, வசதியுள்ளவன் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் மனையைப் பற்றி மௌனமாக இருக்குமானால், மார்க்கத்தின் பாரம் முழுவதையும் எளியவன் தோளில் ஏற்றிவிட்டவர்கள் ஆவோம். இந்த எண்ணமே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

இரும்பையில் கண்டது

அடுத்த வாரம் அந்த இளைஞரையே உடன் அழைத்துக்கொண்டு இரும்பைக்குச் சென்றோம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பேருந்தில் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் இறங்கி உள்ளே செல்ல வேண்டும். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்த பழைய ஊர் அது. சைவப் பெருமக்கள் பாடல் பெற்ற தலம் என்று போற்றும் மாகாளேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. ஏரி இருக்கிறது. செம்மண் பூமி, முந்திரித் தோப்புகள். தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்த ஊர்.

இன்று சாலையின் இரு புறமும் வர்ணம் அடித்த மனைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. கம்பி வேலிகள், இரும்புக் கதவுகள், அவற்றில் பூட்டுகள். வேலிக்குள்ளே முள்ளும் புல்லுமே மண்டிக் கிடக்கின்றன. "இதெல்லாம் யாருதுன்னு ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது ஹஜ்ரத். வாங்கினவங்க சென்னையில இருக்காங்க, புதுச்சேரியில இருக்காங்க, வெளிநாட்டுல இருக்காங்க" என்றார் இளைஞர். ஓரிடத்தில் நின்று, நமக்கு அறிமுகமான ஒரு சகோதரரின் பெயரைச் சொல்லி, அவருக்கும் அங்கே இரண்டு மனைகள் இருப்பதாகக் காட்டினார். நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், தொழுகையாளி, நோன்பு திறக்கக் கஞ்சிக்கு அரிசி தருபவர். வளைகுடாவில் உழைத்த ஹலாலான பணத்தில் வாங்கியவை அம்மனைகள்.

சற்றுத் தொலைவில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றைக் காட்டி, அதன் வயரிங் தம் கையால் செய்தது என்றார். அங்கே ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை அவருடைய மூன்று நாள் கூலி. ஒரு மனையின் விலையையும் தரகரிடம் விசாரித்தார். கேட்ட விலையைத் தம் மாதக் கூலியால் மனத்துக்குள் வகுத்தார் போலும். வந்த வருடங்களை நம்மிடம் சொல்ல வெட்கப்பட்டு, சிரித்துவிட்டு நடந்தார்.

இந்நிலை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இப்பகுதியில் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது. 50,000 பேர் வாழ்வதற்கென்று திட்டமிட்டார்கள். அங்கே நிலமும் வீடும் எவருக்கும் தனிச்சொத்தாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. 1988-ல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்கீழ் அது ஒரு நிறுவனமாக நடந்துவருகிறது. அந்நகரின் கொள்கைகள் நம்முடையவை அல்ல. ஆயினும் நிலத்தை விலைச்சரக்காக்காமல் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று தொடங்கப்பட்ட ஒரு நகரின் வேலி ஓரத்திலேயே நிலம் இத்தனை கடும் விலைச்சரக்காகிவிட்டதைக் கண்டு சிந்திக்காமல் இருக்க முடியவில்லை. நகரைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். புதுச்சேரியும் வளர்ந்து இப்பக்கம் நெருங்கி வருகிறது. விலை ஏறும் என்று பலர் வாங்கினார்கள். பலர் வாங்கியதால் விலை ஏறியது. ஏறியதைக் கண்டு இன்னும் பலர் வந்தார்கள். அந்த ஊரில் கூலி வேலை செய்து, அந்த ஊரிலேயே குடியிருக்க விரும்புகிறவன் இந்தப் போட்டியில் எங்கே நிற்பான்?

இது இரும்பைக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டின் நகர்ப்புறங்களில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அதையடுத்து மத்திய அரசின் வல்லுநர் குழு, நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று 2012-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. அப்பற்றாக்குறையில் 80 விழுக்காடு, வீடே இல்லாதவர்களால் வந்ததன்று. இருக்கும் வீட்டில் இடம் போதாமல் நெருக்கியடித்து வாழ்பவர்களால் வந்தது. மணமான தம்பதிக்குத் தனியறை இல்லாத வீடுகளும் அந்த நெருக்கடிக் கணக்கில் சேரும். நம்மிடம் வந்த இளைஞரின் வீட்டை அந்தக் கணக்கில் காண்கிறோம். ஒரு பக்கம் ஆளில்லாத வீடு, மறு பக்கம் வீடில்லாத ஆள். இரண்டும் ஒரே நாட்டில், சில வேளை ஒரே தெருவில்.

வீட்டை மார்க்கம் எங்கே வைத்திருக்கிறது?

அரபியில் குடியிருக்கும் இடத்துக்கு 'மஸ்கன்' என்று பெயர். மன அமைதிக்கு 'ஸகீனத்' என்று பெயர். ஏழைக்கு 'மிஸ்கீன்' என்று பெயர். மூன்று சொற்களும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதை மதரஸாவில் முதல் வகுப்புகளில் ஓதும் மாணவரும் அறிவர். வீடுகளை அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்ததை, தான் அருளிய நிஃமத்துகளில் ஒன்றாக அல்லாஹுத்தஆலா சூரத்துந் நஹ்லில் எண்ணிக் காட்டுகிறான்.

ஃபுகஹாக்கள் ஜகாத்துடைய பாடத்தில் மனிதனின் அடிப்படைத் தேவைகளை வரிசைப்படுத்தும்போது, குடியிருக்கும் வீட்டை உணவுக்கும் உடைக்கும் தொழிற்கருவிக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒருவன் குடியிருக்கும் வீடு எத்தனை லட்சம் பெறுமானமுள்ளதாயினும் அதற்கு ஜகாத் இல்லை. சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக ஓர் ஏழை ஜகாத் வாங்கும் தகுதியை இழப்பதுமில்லை. ஷரீஅத்தின் பார்வையில் குடியிருக்கும் வீடு செல்வமாக எண்ணப்படவில்லை; தேவையாக எண்ணப்படுகிறது.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது முதலில் எழுந்த பிரச்சினைகளுள் ஒன்று குடியிருப்புப் பிரச்சினையே. மக்காவில் வீடு வாசல்களை விட்டு வந்த முஹாஜிர்கள் எங்கே தங்குவது? நாயகம் (ஸல்) அவர்களே அபூஅய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கினார்கள். அன்ஸாரிகள் தம் வீடுகளைப் பகிர்ந்துகொண்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் மஸ்ஜிதுன் நபவியின் ஒரு புறத்தில் கூரை வேய்ந்த திண்ணையில் தங்கினார்கள். அவர்களே 'அஸ்ஹாபுஸ் ஸுஃப்பா'. வீடற்றவர்களுக்கு இடம் கொடுத்த கட்டிடம் நம் பள்ளிவாசல் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அதே வேளை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளிவாசலுக்கான நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரியதாக இருந்தது. இலவசமாகக் கொடுக்க முன்வந்தபோதும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்காமல், விலை கொடுத்தே பெற்றார்கள். பிறர் சொத்தின் உரிமை அத்தனை கண்ணியமானது. எனவே "மனை வைத்திருப்பவன் கொள்ளைக்காரன், பிடுங்கிக் கொடு" என்று பேசுவது நம் மார்க்கத்தின் பேச்சாகாது.

"என் பொருள், என் விலை" என்றால்?

மனை வைத்திருக்கும் சகோதரர் நம்மிடம் கேட்கலாம்: "நான் வியர்வை சிந்திச் சம்பாதித்து வாங்கினேன். விற்பதும் விற்காமல் இருப்பதும் என் உரிமை. விலையை நிர்ணயிக்கும்படி கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்களே மறுத்திருக்கிறார்களே?"

உண்மைதான். மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையைக் கட்டி நிறுத்தும்படி மக்கள் வேண்டினார்கள். விற்பவருக்கு அநீதி செய்தவராக அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தான், விலை ஏறட்டும் என்று பொருளைப் பதுக்குவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இயல்பாக ஏறும் விலை வேறு. மக்களுக்குத் தேவையான பொருளை அடைத்து வைத்து ஏற்றும் விலை வேறு.

பதுக்கல் எந்தப் பொருளில் ஹராம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உணவுப் பொருளில் மட்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கூற்று. எதை அடைத்து வைப்பது பொதுமக்களுக்குத் தீங்காகுமோ அதெல்லாம் பதுக்கலே என்பது இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கூற்று. கூலிக்காரன் தலை சாய்க்க இடம் தேடி அலையும் ஊரில், மண்ணுக்கும் இந்தக் கூற்று பொருந்துமா என்பதை உலமாக்கள் கூடி ஆராய வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறோம். நாமாக ஒரு ஃபத்வா கொடுத்துவிட நமக்குத் துணிவில்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், தரிசு நிலத்துக்கு எல்லைக் கல் நட்டுவிட்டு மூன்று வருடம் வரை எதுவும் செய்யாமல் விட்டவருக்கு அதில் உரிமையில்லை என்று தீர்ப்பிருந்தது. அது உரிமையாளர் இல்லாத தரிசு நிலத்தைப் பற்றிய சட்டம். கிரயம் கொடுத்துப் பத்திரம் முடித்த மனைக்கு அது சட்டமாகாது. ஆகும் என்று சொன்னால் நாம் இல்மை மறைத்தவர்களாவோம். ஆயினும் கல்லை நட்டுவிட்டுப் போனவனைப் பற்றி அந்த நீதிமான் என்ன எண்ணினார்கள் என்பது அதிலிருந்து நமக்கு விளங்காமல் போகாது.

ஆகவே மனை வாங்கி வைப்பது ஹராம் என்று நாம் எழுதவில்லை. ஆனால் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாத ஒரு கடமை அந்த மனையின்மீது நிற்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதை அறியாமலோ அறிந்தும் அறியாதவர்போலோ இருந்துவருகிறோம். அது ஜகாத்.

மனையின் ஜகாத்

விற்று இலாபம் பெறும் எண்ணத்துடன் ஒருவன் கிரயத்துக்கு வாங்கிய மனை வியாபாரச் சரக்காகும். கடையில் அடுக்கிய துணிக்கு என்ன சட்டமோ அதே சட்டம் அதற்கும் உண்டு. ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரண்டு மத்ஹபுகளிலும், வருடம் நிறையும் ஒவ்வொரு முறையும் அன்றைய சந்தை மதிப்பைக் கணக்கிட்டு நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கொடுக்க வேண்டும். விலை ஏறும்வரை காத்திருந்து விற்பவன், விற்றபின் ஒரு வருடத்துக்குக் கொடுத்தால் போதும் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கூறியுள்ளார்கள். நம் பகுதி மக்கள் ஹனஃபிகளாகவும் ஷாஃபிஈகளாகவும் இருந்துகொண்டு, இதில் மட்டும் மாலிக்கிகளாகிவிடுவது முறையன்று.

வாங்கிய விலை கணக்கில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நாலு லட்சத்துக்கு வாங்கிய மனை இன்று பத்து லட்சம் பெறுமானால், இவ்வருட ஜகாத் 25,000 ரூபாய். அப்படி இரண்டு மனைகள் இருந்தால் 50,000 ரூபாய். இந்தத் தொகையை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? அந்த இளைஞர் கட்ட வழியின்றி நின்ற முன்பணம் அதுவே.

குடியிருக்கவென்று வாங்கிய மனைக்கு ஜகாத் இல்லை. மகனுக்கு வீடு கட்டவென்று வாங்கியதற்கும் இல்லை. கட்டுவதா விற்பதா என்று உறுதியான எண்ணமே இல்லாமல் வாங்கியதற்கும் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. வாடகைப் பணம் கையில் தங்கி நிஸாபும் வருடமும் நிறைந்தால் அதற்கு உண்டு.

ஆக, எல்லாம் நிய்யத்தில் வந்து நிற்கிறது. ஒரே மனை, ஒரே வேலி, ஒரே பூட்டு. ஒருவனுக்கு அது தேவை. இன்னொருவனுக்கு அது சரக்கு. எந்த வட்டாட்சியரும் எந்தப் பத்திரப் பதிவு அலுவலகமும் இதைப் பிரித்தறிய முடியாது. "மகனுக்காக வைத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் யார் மறுக்க முடியும்? ஆனால் தரகரிடம் நாம் சொன்னது என்ன என்பதை அல்லாஹ் கேட்டுக்கொண்டிருந்தான்.

இதை எழுதும்போது நம் கை தயங்குகிறது. நம்மிடமும் ஒரு சிறு மனை இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன், வளைகுடாவிலிருக்கும் தம்பியின் உதவியோடு தவணை கட்டி வாங்கினோம். நாம் குடியிருப்பது பள்ளிவாசல் கொடுத்திருக்கும் வீட்டில். அந்த மனையில் வீடு கட்டும் எண்ணம் நமக்கு என்றுமே இருந்ததில்லை. "விலை நன்றாக வந்தால் சொல்லுங்கள்" என்று தரகரிடம் சொல்லி வைத்தவர்கள் நாமே. அப்படியிருந்தும் ஒரு வருடமாவது அதற்கு ஜகாத் கொடுத்தோமா? இல்லை. மற்றவர்களுக்கு மஸ்அலா சொல்லும்போது நினைவுக்கு வரும் கிதாப், நம் சொந்தக் கணக்கில் நினைவுக்கு வரவில்லை. இரும்பையிலிருந்து திரும்பிய இரவு அமர்ந்து, ஒவ்வொரு வருடத்தின் மதிப்பையும் விசாரித்துக் கணக்கெழுதினோம். விடுபட்ட ஜகாத்தை ஒரே தடவையில் கொடுக்க வசதியில்லாததால், மாதாமாதம் கொடுத்து வருகிறோம். நம்மைப் பெருமைப்படுத்திக்கொள்ள இதை எழுதவில்லை. நம்மைப் போல் மறந்திருக்கும் சகோதரர் ஒருவராவது இன்றிரவு கணக்கெழுத உட்கார வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

ஒத்தியும் அதற்கு மாற்றும்

இனி ஒத்திக்கு வருவோம். நாலு லட்சம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, முடிவில் நாலு லட்சத்தையும் திரும்பப் பெறுவதாக நிபந்தனை பேசினால், கொடுத்த பணம் கடன், வீடு அடைமானம், குடியிருப்பது கடனால் வந்த பயன். மாதம் 6,000 வாடகை பெறும் வீட்டில் மூன்று வருடம் இருந்தால் 2,16,000 ரூபாய் பெறுமானமுள்ள பயன் அது. கடன் கொடுத்தவன் நிபந்தனையிட்டுப் பயன் பெறுவது வட்டி என்பதே ஃபுகஹாக்களின் முடிவு. ஏழை கொடுத்தாலும் சட்டம் மாறாது. பெருந்தொகையை முன்பணம் என்று பெயரிட்டு வாங்கிக்கொண்டு, அதற்காக வாடகையைப் பெயரளவுக்கு நூறு ரூபாய் ஆக்கிவிடுவதும் பெயர் மாறிய ஒத்தியே.

மாற்று என்ன? வீட்டுக்காரருக்கு ஒரே தொகையாகப் பணம் தேவைப்படுகிறது. இளைஞருக்குக் குறைந்த வாடகை தேவைப்படுகிறது. இரண்டையும் ஹலாலாக இணைக்க வழியுண்டு. ஒரு வருட வாடகையை முன்கூட்டியே ஒரே தொகையாகக் கொடுப்பதாகப் பேசி, அதனால் மாதம் 6,000 என்பதை 5,000 ஆக ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம். கொடுக்கும் 60,000 ரூபாயும் கடனன்று, வாடகையே. அது திரும்பி வராது. அதில் வட்டியும் இல்லை. அம்மாவின் நகையை விற்காமல், மாமாவின் கடனைப் பெரும்பாலும் குறைத்துக்கொண்டு அவர் குடியேற முடியும். ஒத்தியைப் போல் இது இலாபகரமானதாக இராது என்பதை அந்த இளைஞரிடம் மறைக்காமல் சொன்னோம்.

வீட்டுக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கண்டிருந்தாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. நகர்ப்புறங்களுக்கான சட்டம் அது. அரசாங்கச் சட்டமே இந்த அளவைச் சொல்லும்போது, அதைவிட மேலான சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் கிராமத்தில் எட்டு மாத, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கலாமா? இன்னொரு தவறும் நம்மிடையே நடக்கிறது. வாடகை பாக்கி வைத்திருக்கும் ஏழையிடம் போய், "அந்தப் பாக்கியை என் ஜகாத்தில் கழித்துக்கொண்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். இப்படிச் செய்தால் ஜகாத் நிறைவேறாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் முடிவு. ஜகாத் அவன் கையில் கொடுக்கப்பட்டு அவனுக்குச் சொந்தமாக வேண்டும். அதன்பின் அவன் அதைக்கொண்டு வாடகை கட்டினால் அது அவன் விருப்பம்.

ஜமாஅத்தின் பங்கு

அரசாங்கமும் உதவி செய்கிறது. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்ட 3,50,000 ரூபாய் தருகிறார்கள். 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. நல்ல திட்டமே. ஆனால் கட்டுவதற்குச் சொந்த மனை வேண்டும். இரும்பைப் பக்கத்து இளைஞனுக்கு எட்டாதது அந்த மனைதானே! கூரைக்குக் கைகொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணுக்குக் கைகொடுக்கத்தான் ஆளில்லை.

இங்கேதான் ஜமாஅத் முன்வர வேண்டும். ஸுபைர் (ரலி) அவர்கள் தம் வீடுகளை வக்ஃபு செய்து, தலாக் பெற்றுத் திரும்பும் தம் பெண் மக்கள் அவற்றில் குடியிருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். குடியிருப்புக்காகவே வக்ஃபு செய்யும் வழக்கம் ஸஹாபாக்கள் காலத்திலேயே இருந்திருக்கிறது. நாமோ வக்ஃபு என்றால் பள்ளிவாசலும் கபரஸ்தானும் என்று சுருக்கிக்கொண்டோம். பழைய வக்ஃபு வீடுகளை முத்தவல்லிமார்கள் தம் விருப்பப்படி குறைந்த வாடகைக்கு விட முடியாது. நியாய வாடகை பெறுவது அவர்கள் கடமை. ஆனால் புதிதாக வக்ஃபு செய்பவர், "மணமுடித்த எளிய தம்பதிகள் முதல் ஐந்து வருடம் குறைந்த வாடகையில் இருக்க வேண்டும்" என்று நிபந்தனை எழுதினால், அந்த நிபந்தனையை முத்தவல்லிமார்கள் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. ஒரு மனையும் நான்கு சிறு வீடுகளும் இருந்தால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நான்கு குடும்பங்கள் தலைநிமிர்ந்து வெளியேறும். வேறு நான்கு உள்ளே வரும்.

கூட்டாக வாங்கும் முறையும் உண்டு. பைத்துல்மாலும் இளைஞரும் பங்காளிகளாக ஒரு வீட்டை வாங்கி, பைத்துல்மாலின் பங்குக்கு அவர் வாடகை கொடுத்துக்கொண்டே, இயன்றபோது அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கித் தம்முடையதாக்கிக்கொள்ளலாம். கனடாவின் டொரோண்டோ நகரில் முஸ்லிம்கள் 1980களில் தொடங்கிய வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் வட்டியின்றி இப்படிப் பலரை வீட்டுக்காரர்களாக்கியிருக்கிறது. நிகாஹ் விருந்தில் ஒரே வேளையில் லட்சங்களைச் செலவிடும் நம் ஊர்களுக்கு இது இயலாததா? மணமகனுக்கு மேடை போட்டுக் கொடுக்கிறோம். மறுநாள் அவன் எந்த அறைக்குப் போவான் என்று கேட்பதில்லை.

அந்த இளைஞரின் நிகாஹ் சென்ற மாதம் நடந்தது. நாமே ஓதி வைத்தோம். முன்கூட்டியே வாடகை கொடுக்கும் முறைக்கு இரும்பை வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஒத்திக்கு வேறு ஆள் வந்துவிட்டார். இப்போதைக்குத் தம் வீட்டு மாடியில் தகரக் கொட்டகை ஒன்று போட்டுக் குடியிருக்கிறார். வெயில் காலம் வருகிறது. இரண்டு மனைகளுக்குரிய சகோதரருக்கு, மஸ்அலாவை விளக்கியும் ஜகாத்தைக் கணக்கிட்டும் கடிதம் எழுதினோம். "ஹஜ்ரத், இந்த ரமளானில் வருகிறேன், உட்கார்ந்து பேசுவோம்" என்று பதில் வந்திருக்கிறது. நல்லதையே எதிர்பார்க்கிறோம்.

சகோதரர்களே! உங்கள் பெயரில் எங்காவது ஒரு மனை பூட்டிக் கிடந்தால், அதன் பத்திரத்தை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதை வாங்கிய நாளில் உங்கள் உள்ளத்தில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். குடியிருக்கவென்றால் அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக! விற்கவென்றால், அதில் நாற்பதில் ஒரு பங்கு உங்களுடையதன்று என்பதை அறிந்துகொள்ளுங்கள். அந்தப் பங்குக்குரியவர் உங்கள் ஊரிலேயே எங்கோ ஒரு தகரக் கூரையின் கீழ் இருக்கக்கூடும்.

வல்ல நாயன் நம் நிய்யத்துகளைச் சீராக்கி, நம் இளைஞர்களின் இல்லங்களை ஸகீனத்தால் நிரப்பி, சொல்லியபடி செய்யும் நற்பாக்கியத்தை நமக்கும் உங்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.